சிறுசோற்றுக்கு வந்த விருந்தாளி

பொழுது சாய்கிற நேரம். கடற்கரை மணலில் சில பெண்கள் வீடு கட்டி, சோறு குவித்து, ஆடிய களைப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த ஒருவன் நின்று பேச்சுக் கொடுக்கிறான். இருட்டப்போகிறது, நடந்த அலுப்பு வேறு. நீங்கள் இலையில் பரப்பும் விருந்தை உண்டு இந்த ஊரிலேயே தங்கினால்தான் என்ன என்று கேட்கிறான். பெண்கள் முகம் கவிழ்ந்து கொள்கிறார்கள். இது உமக்கு ஏற்ற சாப்பாடு அல்ல, மீன் தின்கிற எளியவர்களின் உணவு என்று தணிந்த குரலில் பதில் வருகிறது. அதற்கு மேல் அங்கே நிற்க அவர்களுக்குக் கூச்சம். தூரத்தில் வரும் கப்பலைப் பார்க்கப் போகலாம் என்று, கட்டிய வீட்டைத் தாங்களே காலால் கலைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

அகநானூற்றின் 110ஆம் பாட்டு இது. பாடியவர் போந்தைப் பசலையார். தலைவியின் காதல் எப்படித் தொடங்கியது என்று தோழி செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்லும் கட்டம். அதனால் இதைப் படிக்கிறவர்களின் கண் காதலர்கள் மேல்தான் போகும். மணற்சோற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பொம்மை உணவின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு இந்தப் பாட்டு ஒரு நல்ல ஆவணம். விளையாட்டு வீட்டுக்குச் சிற்றில் என்றும் அதில் சமைப்பதற்குச் சிறுசோறு என்றும் அப்போதே பெயர் நிலைத்துவிட்டது. சோறு இருந்தால் இலை வேண்டும், இலை போட்டால் விருந்தாளி வேண்டும் என்ற ஒழுங்கும் வந்துவிட்டது. வந்தவன் நிஜ ஆள் என்பதுதான் அந்தப் பெண்களுக்கு நேர்ந்த சிக்கல்.

பொம்மை வீட்டுக்குக் கேக்கும் ரொட்டியும் செய்யும் கலை என்றால் ஐரோப்பாவில் பிறந்தது என்று எண்ணுவது வழக்கம். செய்பொருளையும் செய்நேர்த்தியையும் மட்டும் பார்த்தால் அது சரிதான். சின்னதாகச் சமைத்து விளம்புகிற ஆசையைப் பார்த்தால், தமிழ்நாட்டில் அதன் தடம் சங்க இலக்கியம் வரை போகிறது. நடுவில் அறுபடாமலும் வந்திருக்கிறது.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்து முழுவதும் ஒரே முறையீடு: கண்ணா, எங்கள் சிற்றிலை வந்து சிதைக்காதே. பத்துப் பாட்டையும் வாசித்தால் அந்தச் சிறுமிகளிடம் என்ன சாமான் இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. வட்டமான வாய் வைத்த சிறு தூதை, சிறு சுளகு, அரிசிக்குப் பதில் மணல். தூதை என்பது விளையாட்டில் சோறு சமைக்கும் குட்டி மண்பானை, சுளகு முறம். நம்மாழ்வாரும் தூதையை விட்டுவைக்கவில்லை. திருக்கோளூருக்குக் கிளம்பிப் போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்பும் பதிகத்தில், மகள் விட்டுச்சென்ற கிளியும் பந்தும் வருகிற வரிசையில் தூதையும் வருகிறது. ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பெண் குழந்தையின் உடைமைகளில் ஒரு குட்டிச் சமையலறை உண்டு. பிள்ளைத்தமிழ் இலக்கணம் இதே விளையாட்டைப் பையனின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண் கட்ட வேண்டியது, பையன் மிதிக்க வேண்டியது. அதற்கு ஒரு பருவமும் பத்துப் பாட்டும். கொஞ்சம் அநியாயம்தான்.

கடல் இல்லாத ஊரில் மணலுக்கு எங்கே போவது? பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது பொங்கலூர். பழைய கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளில் பொங்கலூர்க்கா நாடு என்று ஒன்றைச் சொல்வார்கள். இன்று அந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம், கோழிப்பண்ணை, பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்கால் தண்ணீர், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன். இந்தச் சீமையின் சிறுசோறு செம்மண்ணால் ஆனது. கொட்டாங்குச்சியில் ஈரமண்ணை அமுக்கிக் கவிழ்த்தால் இட்லி. செங்கல்லை உரைத்தால் மிளகாய்ப்பொடி. வேலியோரத் தழையைக் கிள்ளிப் போட்டால் பொரியல். சோளத்தட்டில் மாட்டுவண்டியும் நுங்குக் கூந்தலில் உருட்டுவண்டியும் செய்த பையன்கள் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளாக நடித்து, மண் இட்லியை வாயருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டிவிட்டுப் பின்னால் போட்டுவிடுவார்கள். போட்டது தெரிந்தால் சண்டை.

பெரியவர்களும் கொங்கு நாட்டில் சின்னதாகச் செய்து விளையாடாதவர்கள் இல்லை. அதற்கு நோன்பு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலன்று தோட்டத்துப் பட்டியில் சின்னச் சதுரமாகத் தெப்பக்குளம் கட்டி, சாணியால் வரப்புப் போட்டு, பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகி, தண்ணீர் விட்டு நிரப்பிப் பொங்கல் வைப்பார்கள். பூசை முடிந்ததும் மாட்டையோ கன்றையோ அந்தக் குளத்தைத் தாண்ட விடுவது முறை. குளம்பு பட்டு வரப்பு உடையும். உடைய வேண்டியதுதான்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். கால்நடை நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட விவசாயிகள் மண்ணால் செய்த மாடு, கன்று உருவாரங்களை வாங்கிக் காணிக்கையாக வைக்கிறார்கள். கொங்கு நாட்டுக் குயவர் கைக்கு உருவாரமும் பானையும் குட்டிப் பானையும் ஒரே மண், ஒரே சூளை.

விலைக்கு வாங்கும் சொப்புச் சாமான் பெரும்பாலும் தேர்க்கடையில்தான் கிடைத்தது. சிவன்மலைத் தைப்பூசத் தேர், அவிநாசியில் சித்திரைத் தேர் என்று திருவிழா எங்கேயோ அங்கே வளையல் கடைக்குப் பக்கத்தில் சொப்புக் கடை இருக்கும். மண்ணில், மரத்தில், தகரத்தில், பிறகு பிளாஸ்டிக்கில், எவர்சில்வரில் என்று பொருள் மாறிக்கொண்டே வந்தது. அடுப்பு, பானை, அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை என்ற பட்டியல் மட்டும் பிடிவாதமாக அப்படியே இருந்தது. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் மின்சார வெட்கிரைண்டரை உருவாக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் வீட்டு ஆட்டுக்கல் கொல்லைக்குப் போனது. ‘கோயம்புத்தூர் வெட்கிரைண்டர்’ புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. ஆனால் மரச்சொப்பில் இன்றைக்கும் ஆட்டுக்கல் கடைந்து வைக்கிறார்கள். தன் வீட்டில் கண்ணால் பார்த்திராத ஒரு கல்லில் குழந்தை மாவாட்டிக் கொண்டிருக்கிறது. சமையலறையின் பழைய கணக்கைப் பத்திரமாக வைத்திருப்பது அருங்காட்சியகத்தைவிடச் சொப்புப் பெட்டிதான் என்று சொன்னால் மிகையாகாது. பிளாஸ்டிக் செட்டில் காஸ் அடுப்பும் மிக்சியும் குக்கரும் வந்து வெகுநாளாகிறது என்பதும் உண்மை.

மரச்சொப்பு என்றால் அம்பாசமுத்திரம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் மஞ்சள் கடம்பு போன்ற மரங்களைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, உளி பிடித்துக் குடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணக் கட்டியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். தூரிகை வேலையே கிடையாது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் சாமான்களைப் பனையோலைப் பெட்டியில் அடுக்கி விற்பது பழைய வழக்கம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கர்நாடகத்துச் சென்னப்பட்டணப் பொம்மைகளுக்கும் இதே அரக்குக் கடைசல்தான். அங்கே வெட்பாலை மரம்.

அம்பாசமுத்திரத்தில் இந்தத் தொழில் வேர்பிடித்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் அதே தென்பாண்டிச் சீமையில்தான் பொம்மை வீட்டுச் சமையல் விளையாட்டாக நின்றுவிடாமல் ஒரு பண்டிகையாகவே நடக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அதற்குச் சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். மார்கழி முழுக்க விடியற்காலையில் வாசலில் கோலமிட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவையோ பீர்க்கம் பூவையோ செருகி வைக்கிறார்கள். அன்றன்று அந்தப் பூவோடு சாணியைத் தட்டிக் காயவைத்துச் சேர்க்கிறார்கள். தை பிறந்த பிறகு, வாசலிலோ முற்றத்திலோ களிமண் சுவர் எழுப்பி, அறை பிரித்து, ஒரு சிறு வீடு கட்டுவார்கள். சுண்ணாம்பு பூசி, கோலம் போட்டு, பெண் குழந்தைகள் அதன் முன்னால் அடுப்பு மூட்டிச் சிறு பானையில் நிஜமாகவே பொங்கல் வைக்கிறார்கள். தைப்பூசத்தை ஒட்டி இது நடக்கும். பொங்கலை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, சேர்த்து வைத்த பூ எருவில் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். அரிசி நிஜம், வெல்லம் நிஜம், தீயும் நிஜம்; வீடு மட்டும் பொம்மை.

ஐரோப்பியப் பொம்மை வீட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே வீடு நிஜம்போல் இருக்கும், சாப்பாடு பொய். பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1558இல் செய்வித்ததைப் பழைய பொம்மை வீடுகளில் ஒன்றாகக் குறிப்பிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கும் பெட்ரோனெல்லா ஊர்ட்மனின் பொம்மை வீடு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கப்பட்டது. கால்வாய்க் கரையில் ஒரு நிஜ வீடு வாங்கும் செலவு அதற்கு ஆனதாம். குழந்தை தொட்டு விளையாடுவதற்கல்ல, செல்வந்தர் வீட்டுப் பெண்மணி வந்தவர்களுக்குத் திறந்து காட்டுவதற்காக. நியூரம்பர்க் நகரத்துப் பொம்மைச் சமையலறைகள்தான் சிறுமிகள் கைக்கு வந்தவை.

எட்வின் லட்யன்ஸ் என்ற பெயர் தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. டெல்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டியவர். அந்த வேலை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1921க்கும் 1924க்கும் நடுவில், அவர் இங்கிலாந்து ராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடும் கட்டிக்கொண்டிருந்தார். அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், நிலவறையில் குட்டிப் புட்டிகளில் அசல் ஒயின். 1924இல் வெம்பிளி பேரரசுக் கண்காட்சியில் வைத்தபோது 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். இப்போது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. இத்தனை இருந்தும் அந்த மேசையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதாக நடிக்கக்கூட முடியாது.

இந்தப் பொய்ச் சாப்பாட்டைக் கிண்டலடித்துக் கதை எழுதியவரும் ஆங்கிலேயர்தான். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட ‘இரண்டு பொல்லாத எலிகளின் கதை’யில் எலித் தம்பதி பொம்மை வீட்டுக்குள் நுழைகிறது. மேசையில் பன்றித்தொடை, மீன், புட்டிங். கத்தி இறங்கவில்லை. எல்லாம் சாந்து. ஏமாந்த எலிகள் கோபத்தில் அத்தனையையும் போட்டு நொறுக்குகின்றன. நெய்தல் நிலத்து வழிப்போக்கன் மணற்சோறு என்று தெரிந்தே விருந்து கேட்டவன். இங்கிலாந்து எலிகளுக்கு அந்த நாகரிகம் போதவில்லை.

தமிழ்நாட்டில் சொப்பு கல்யாணச் சீரிலும் இடம்பிடித்தது. செட்டிநாட்டுச் சீர்வரிசையில் பெரிய பாத்திரங்களோடு வெள்ளியிலும் பித்தளையிலும் குட்டிச் சாமான்கள் சேரும். பிராமணர் வீட்டுக் கல்யாணங்களில் விளையாடல் என்ற பெயரில் வைக்கும் தட்டுகளிலும் சொப்பு இருக்கும். இன்று அது வேடிக்கை. ஆனால் மணப்பெண்ணே விளையாடும் வயதில் இருந்த காலம் ஒன்று இருந்தது. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது, அதுவும் பெரிய எதிர்ப்புக்கு நடுவில். அதற்கு முன்னால் எத்தனை மணப்பெண்கள் சொப்பைக் கூடவே எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால், அந்த வெள்ளிப் பானைகளை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர மனம் வருவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட சாமான்களைத் தேடி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஐரோப்பியப் பொம்மை வீட்டுக்கு இணையாக, பார்ப்பதற்கென்றே அடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலு. அங்கேயும் சாப்பாடு விடவில்லை. கீழ்ப்படியில் தொந்தியும் தொப்பையுமாகச் செட்டியார், பக்கத்தில் செட்டியாரம்மா, அவர்கள் முன்னால் மளிகைக்கடை. கடைச் சரக்கு மட்டும் அசல்: பச்சரிசி, துவரம்பருப்பு, மஞ்சள், உப்பு, வெல்லம். பொம்மைக் கணக்குப்படி பார்த்தால் அந்த ஒவ்வோர் அரிசியும் செட்டியாரின் விரலைவிடப் பெரியது. எந்த வீட்டிலும் இதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை.

பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர், காஞ்சிபுரம், மதுரையை ஒட்டிய விளாச்சேரி ஆகிய ஊர்களிலிருந்து வரும் களிமண், காகிதக்கூழ் பொம்மைகளில் ‘கல்யாண செட்’ நன்றாக விற்பது. அதில் ஒரு பந்தி உண்டு. வரிசையாக ஆட்கள், முன்னால் வாழையிலை, இலைமேல் தூரிகை நுனியால் வைத்த புள்ளிகள். வெள்ளைப் புள்ளி சோறு, மஞ்சள் புள்ளி பருப்பு, பழுப்புப் புள்ளி எதுவோ. பார்க்கிறவர் தன் ஊர் வழக்கப்படி கூட்டென்றோ பொரியலென்றோ எடுத்துக்கொள்ளலாம். லட்டு சில சமயம் பரிமாறுகிறவர் தலை அளவுக்கு இருக்கும். சுவரையும் சமையலையும் ஒரே அளவுகோலில் சுருக்கும் மேல்நாட்டுக் கறார் கொலுவுக்கு என்றைக்கும் இருந்ததில்லை, அது ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

அந்தக் கறார் இப்போதுதான் வந்திருக்கிறது, பாலிமர் களிமண்ணோடு. ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக்காரர் கேத்தே குருசேயின் மகள் உருவாக்கிய செய்முறையை ஏபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் 1960களில் வாங்கி ‘ஃபீமோ’ என்று விற்கத் தொடங்கியது. பி.வி.சி. கலந்த இந்த மண்ணை வீட்டு அவனில் 110 டிகிரி சூட்டில் வைத்தாலே இறுகிவிடும். சூளை வேண்டாம், குயவரும் வேண்டாம். உலகம் முழுக்கப் பொம்மைக் கேக் செய்கிறவர்களின் கைச்சரக்கு இதுதான். தமிழ்நாட்டு வீடுகளில் அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் சோளமாவையும் ஃபெவிகாலையும் எண்ணெய் விட்டுக் கிளறிப் பிசைந்து அதே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். ‘ஏர் ட்ரை க்ளே’ பாக்கெட் இப்போது ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கிறது.

பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் எட்டு சென்டிமீட்டர் இட்லி ஏழு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். தோசை இரண்டரை சென்டிமீட்டர், சாப்பாட்டு இலை ஐந்து. இந்த அளவில் நிஜ அரிசி ஒன்று இட்லி நீளத்துக்கு வந்துவிடும் என்பதால் சோற்றுக்கு ரவை, எள்ளுருண்டைக்குக் கசகசாவைவிடப் பொடியான ஏதாவது என்று தேட வேண்டியிருக்கிறது. வடையின் மேல்தோலுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குத்தினால் போதும். முறுக்குக்கு ஊசி போடும் சிரிஞ்ச். பொன்னிறம்தான் கடினம்: பெயின்டை நேராகப் பூசினால் பூசியது தெரியும், சாக் பேஸ்டலைச் சுரண்டித் தூளாக்கி, உலர்ந்த தூரிகையால் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் தடவினால்தான் சுட்டது போல வரும். தோசை செய்யத் தெரிந்தவர் கைக்கு அந்த ஓரம் சட்டென்று பிடிபடுகிறது. பொம்மை மேசைக்கு விரிப்பு வேண்டுமென்று திருப்பூர்க் கட்டிங் வேஸ்ட்டை எடுத்தால் பனியன் துணியின் கண்ணிகளே இந்த அளவுக்குக் கயிறு தடிமன்; மெல்லிய வாயில் புடவைத் துண்டுதான் உதவும்.

இப்படிச் செய்த வாழையிலைச் சாப்பாடும் டபரா காபியும் ஃப்ரிட்ஜ் மேக்னட்டாக, கொலுவுக்கான புது செட்டாக, காதணியாகக்கூட விற்கின்றன. வேலைப்பாடு வியக்க வைப்பது. ஆனால் சிறுசோற்றின் நீண்ட கதையில் விருந்தாளி இல்லாமல் போனது இந்தக் கட்டத்தில்தான். மண் இட்லியை வாங்கிச் சாப்பிடுவதாக நடிக்க ஒருவர் வேண்டியிருந்தது, சிறுவீட்டுப் பொங்கலுக்குக் கை நீட்ட அண்டைவீடு வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய இலைக்கு யாரும் உட்கார வேண்டியதில்லை.

நிஜமாகச் சமைக்கிற கட்சியும் ஓய்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இயங்கும் ‘தி டைனி ஃபுட்ஸ்’ என்ற யூடியூப் சேனலில் குட்டி மண்வீட்டு வாசலில், குட்டி விறகடுப்பில், விரல்நுனியளவு கரண்டியால் கிளறிக் குழம்பும் பிரியாணியும் வைக்கிறார்கள். பார்க்கிறவர்கள் பல நாட்டுக்காரர்கள். வெங்காயத்தை நறுக்குவதற்கே பொறுமை போய்விடும் அளவு. எண்ணெய் மட்டும் பெரிய அடுப்பில் போலவே பொரிகிறது.

கேக் இந்த உலகத்துக்குத் தாமதமாக வந்த சரக்கு. ஊருக்கு ஊர் பேக்கரி வந்து, குழந்தையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது வழக்கமான பிறகு சொப்புக்குள்ளும் நுழைந்தது. இப்போது பிளாஸ்டிக் செட்டில் துண்டு துண்டாகப் பிரிந்து, வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும் கேக் வருகிறது. கத்தி வைத்தால் ‘சரக்’ என்று சத்தத்தோடு வெட்டுப்படும். பாலிமரில் செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ கேக் என்பது சட்டைப் பொத்தான் அளவு. ஐசிங்குக்கு அதே களிமண்ணைத் திரவம் சேர்த்து இளக்கிக் குழாயில் பிதுக்குகிறார்கள். ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரி செய்வதுதான் கேட்டு வாங்கப்படும் வகை. அதற்கு உள்பக்கம் கேக்கின் துளைகள் தெரிய வேண்டும். ஊசிமுனையால் கிளறிக் கிளறி அந்தத் துளைகளைப் போடுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது.